மர டெக்: பலகைக்கும் பலகைக்கும் நடுவே எவ்வளவு சந்து?

வீட்டு மொட்டை மாடியிலும் தோட்டத்திலும் மரப்பலகைத் தளம் போடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: மொட்டை மாடியில் 12 அடிக்கு 20 அடி அளவில் தேக்குப் பலகை டெக் போடுகிறோம். “ரெண்டு மில்லி சந்து போதும், அதுக்கு மேல விட்டா பார்க்க நல்லாருக்காது” என்கிறார் ஆசாரி. ஆர்க்கிடெக்ட் 6 மி.மீ. வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகி, சென்னை

பதில்: உங்கள் பலகையில் இன்றைக்கு எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று இருவரில் ஒருவராவது அளந்து பார்த்தாரா? அதைக் கேளுங்கள். அந்த எண் இல்லாமல் 2 என்பதும் 6 என்பதும் ஊகம்தான்.

மரம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை எடுத்து அகலத்தில் உப்பும். வெயிலில் அதை விட்டுவிட்டுச் சுருங்கும். நீளத்தில் ஏறக்குறைய அசையாது. அகலத்தில் எவ்வளவு அசையும் என்பது மரத்தையும், அறுத்த விதத்தையும் பொறுத்தது. பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் படுத்தாற்போல ஓடினால் தேக்கு, ஈரப்பதம் ஒரு சதவீதம் மாறும்போது அகலத்தில் சுமார் 0.19 சதவீதம் மாறும். கோடுகள் நின்றாற்போல இருந்தால் அதில் சுமார் பாதி. டெக்குக்கென்றே விற்கும் பிரேசில் நாட்டு இப்பே மரம் தேக்கைவிடக் கெட்டி. ஆனால் அசைவு அதிகம், சுமார் 0.27 சதவீதம். கெட்டியான மரம் அசையாது என்று பலர் நினைப்பது தவறு.

சென்னையில் கூரையில்லாத இடத்தில் கிடக்கும் பலகை, கத்திரி வெயிலில் 10 சதவீத ஈரத்துக்கு இறங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 18 சதவீதமோ அதற்கு மேலோ ஏறும். 8 சதவீத ஏற்ற இறக்கம் என்று வைத்துக்கொண்டால் 90 மி.மீ. அகலத் தேக்குப் பலகை 1.4 மி.மீ. அசையும். 140 மி.மீ. தேக்கு 2.1 மி.மீ., அதே அகல இப்பே 3 மி.மீ. அசையும்.

இனி முடிவெடுக்கும் முறை. மரம் மிக அதிகமாக உப்பியிருக்கும் நாளிலும் சந்து 3 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மழைத்தண்ணீர் கீழே இறங்காமல் சந்திலேயே நிற்கும். மணலும் தூசும் அதில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். ஓரம் உளுத்துப்போவது அங்கேதான் தொடங்கும். ஆகவே 3 மி.மீ. என்பதை அடிப்படையாக வைத்து, பலகை இன்னும் எவ்வளவு உப்பப் போகிறதோ அதைச் சேருங்கள். ஏப்ரலில் 10 சதவீத ஈரத்தில் அடித்தால் 90 மி.மீ. தேக்குக்கு 4.5, 140 மி.மீ. தேக்குக்கு 5, 140 மி.மீ. இப்பேவுக்கு 6. நவம்பரில் 18 சதவீத ஈரத்தில் அடித்தால் பலகை இனி சுருங்க மட்டுமே போகிறது, 3 மி.மீ. விட்டால் போதும், கோடையில் தானாக 4.5 அல்லது 5 ஆகிவிடும். ஆர்க்கிடெக்ட் சொன்ன 6, உலர்ந்த அகலமான இப்பேவுக்குச் சரி. ஆசாரி சொன்ன 2 எந்தக் கணக்கிலும் வராது. அவர் கை பழகியது வீட்டுக்குள் போடும் மரத்தரை. அங்கே மழை விழுவதில்லை.

அகலமான பலகை வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை என்றால் 90 மி.மீட்டரையே எடுங்கள். அசைவும் குறைவு, பலகை குழிவதும் குறைவு. கொஞ்சம் ஸ்க்ரூ கூடுதலாகும், அவ்வளவுதான். மரக்கடையில் 4 அங்குலம் என்று வாங்குவது இழைத்தபின் 90 முதல் 95 மி.மீ. வரை எதுவாகவும் இருக்கும். கணக்குப் போடும்முன் பத்துப் பலகையையாவது அளந்து பாருங்கள்.

சந்து சரியாக இருந்தாலும் கீழே தண்ணீர் தேங்கினால் பயனில்லை. மொட்டை மாடியில் அடிச்சட்டங்கள் தண்ணீர் வாட்டத்தின் போக்கிலேயே ஓட வேண்டும். குறுக்கே போட்டால் ஒவ்வொரு சட்டமும் ஒரு அணை. சட்டத்தைத் தளத்தில் ஆணியடித்துப் பிடிக்காதீர்கள், வாட்டர் ப்ரூஃபிங் போய்விடும். உயரம் மாற்றக்கூடிய பெடஸ்டல் அல்லது 10 மி.மீ. ரப்பர் கட்டைமேல் உட்கார வைத்து, சட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்து ஒரே கட்டாக இறுக்கிவிடுங்கள். புயல் காற்றில் தனித்தனிப் பகுதிகள் தூக்கிக்கொள்ளும். பலகையின் அடிப்பக்கத்துக்கும் தளத்துக்கும் நடுவே குறைந்தது 50 மி.மீ. காற்றோட்டம் வேண்டும். மழைநீர்க் குழாயின் வாய்க்கு மேலே இரண்டடிப் பகுதியைத் தனியே கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள். இதை வேலை நடக்கும்போதே சொல்லாவிட்டால் பின்னால் டெக்கை உடைத்துத்தான் குழாயைக் குத்திவிட வேண்டும்.

கேள்வி: மரக்கடையில் “நல்லா சீசனிங் ஆன மரம்” என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். அதை எப்படிச் சரிபார்ப்பது? – வாசகர், திருச்சி

பதில்: இரண்டு ஊசி வைத்த ஈரமானி ஒன்று வாங்கிவிடுங்கள். டெக்குக்கு ஆகும் மரச்செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமில்லை. பலகையின் முனையில் குத்திப் பார்க்கக் கூடாது. முனை சீக்கிரம் காய்ந்துவிடும், எண் குறைத்துக் காட்டும். முனையிலிருந்து ஒரு அடிக்கு மேல் உள்ளே தள்ளிக் குத்துங்கள். ஒரு பலகையைக் குறுக்கே வெட்டி, புதிதாக வெட்டிய முகத்தின் நடுவிலும் பாருங்கள். மேலே 12 காட்டி நடுவில் 20 காட்டினால், அது வெளியே மட்டும் காய்ந்த மரம்.

கருவி இல்லையென்றால் எடை போட்டே கண்டுபிடிக்கலாம். நான்கு பலகைகளிலிருந்து, முனையை விட்டு ஒரு அடி தள்ளி, ஒரு அங்குலத் துண்டு ஒவ்வொன்று அறுத்தெடுங்கள். நான்கையும் சேர்த்து உடனே எடை போடுங்கள். அவனில் 103 டிகிரி செல்சியஸில் வைத்து, எடை இனி குறையவில்லை என்னும்வரை உலர்த்துங்கள். முதலில் 140 கிராம், கடைசியில் 120 கிராம் என்றால் போனது 20 கிராம். அதை உலர்ந்த எடையான 120ஆல் வகுக்க வேண்டும், 140ஆல் அல்ல. ஈரம் 16.7 சதவீதம்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 287, நாட்டைக் காற்றின் ஈரத்தை வைத்து நான்கு மண்டலங்களாகப் பிரித்து, எந்த வேலைக்கு மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று சொல்கிறது. திருச்சிக்குச் சரியான மரம் கடற்கரைக்கு வறண்டது என்பதை நினைவில் வையுங்கள். மரம் வந்ததும் அன்றைக்கே அடிக்கத் தொடங்காமல், டெக் போடும் இடத்திலேயே நிழலில், அடுக்குக்கு அடுக்கு ரீப்பர் வைத்து, இரண்டு வாரமாவது கிடக்கட்டும். மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களைத் தார்ப்பாயால் சுற்றினால் உள்ளே புழுங்கும்.

கேள்வி: பக்கத்து வீட்டு டெக்கில் கடைசியாக வந்த பலகை இரண்டு விரல் அகலத்துக்கு ஒல்லியாக, சுவரை ஒட்டி அசிங்கமாக இருக்கிறது. எங்களுக்கு அப்படி வராமல் இருக்க என்ன கணக்கு? – வாசகர், கோவை

பதில்: முதல் பலகையை அடிக்கும்முன் ஐந்து நிமிடம் காகிதத்தில் செலவிட்டால் போதும். உதாரணத்துக்குப் பலகை போகும் திசைக்குக் குறுக்கே தளத்தின் அகலம் 3,600 மி.மீ. என்று வையுங்கள். இரு பக்கமும் சுவரை விட்டு 10 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும், மீதி 3,580. பலகை 90, சந்து 5 என்றால் ஒரு பலகைக்கான இடம் 95. 3,580உடன் 5ஐக் கூட்டி 95ஆல் வகுத்தால் 37.7 வருகிறது. கடைசிப் பலகைக்குப் பின்னால் சந்து இல்லை என்பதால்தான் அந்த 5ஐக் கூட்டினோம்.

38 பலகை போட்டால் மரம் 3,420, மிச்சம் 160, அதை 37 சந்துகளுக்குப் பகிர்ந்தால் 4.3 மி.மீ. அழகாக வந்துவிட்டது. எந்தப் பலகையையும் அறுக்க வேண்டாம்.

இதே இடத்தில் 140 மி.மீ. பலகை என்றால் அவ்வளவு சுலபமில்லை. 24 பலகைக்குச் சந்து 9.6 மி.மீ. ஆகிவிடும், நாற்காலிக் கால் சிக்கும். 25 பலகைக்கு 3.3 மி.மீ.; உலர்ந்த மரத்துக்கு அது போதாது. சந்தை 5 என்று வைத்தால் கடைசிப் பலகை 100 மி.மீ. வரும். அதைவிட, முதல் பலகையையும் கடைசிப் பலகையையும் 120, 120 என்று இழைத்துவிடுங்கள். நடுவில் 23 முழுப் பலகை. இரு ஓரமும் ஒன்றுபோல இருந்தால் அறுத்ததே கண்ணுக்குத் தெரியாது.

அடிக்கும்போது சந்துக்கு எதை வைப்பது? கண்டது கையில் கிடைத்ததை வைப்பதால்தான் வரிசை கோணுகிறது. டைல்ஸ் கடையில் 3, 5 மி.மீ. ஸ்பேசர் கிடைக்கும். 4.5 போன்ற அளவுக்கு, அக்ரிலிக் தகட்டுத் துண்டோடு மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம். மரச் சீவலை வைக்காதீர்கள், இறுக்கும்போது நசுங்கும். ஒவ்வொரு அடிச்சட்டத்தின் மேலும் ஒரு ஸ்பேசர் வேண்டும். இரண்டு முனையில் மட்டும் வைத்தால் பலகை நடுவில் வளைந்து, முனைகளில் 5ம் நடுவில் 3ம் ஆகும்.

முதல் பலகைக்கு மட்டும் நூல் கட்டி நேர் பாருங்கள். வீட்டுச் சுவரை நம்பி அதை ஒட்டி அடிக்காதீர்கள், சுவர் நேராக இருப்பது அரிது. பிறகு ஐந்தாறு பலகைக்கு ஒருமுறை, இரு முனையிலும் நடுவிலும், எதிர்ச்சுவர்வரை எவ்வளவு மிச்சம் என்று டேப் வைத்து அளக்க வேண்டும். ஒரு முனையில் 4 மி.மீ. கூடியிருந்தால் அதை ஒரே சந்தில் சரிக்கட்டக் கூடாது. எட்டுப் பலகைக்கு அரை மில்லியாகப் பிரித்துவிடுங்கள். அரை மில்லி வித்தியாசத்தைக் கண் கண்டுபிடிக்காது, 2 மில்லியைக் கண்டுபிடித்துவிடும். வளைந்த பலகையை ஒரு முனையிலிருந்து திருகிக்கொண்டே வந்து, சட்டத்தில் உளியைக் குத்தி நெம்பி, ஸ்பேசர் பிடிக்கும்வரை தள்ளி ஸ்க்ரூ போட வேண்டும். 2 மீட்டரில் 10 மி.மீட்டருக்கு மேல் வளைந்ததை விட்டுவிடுங்கள். அதைத் துண்டாக்கி ஓரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கடற்கரைப் பக்கம் உள்ள வீட்டில், மே மாதம் இப்பே மரத்தில் டெக் போட்டோம். சந்து 3 மி.மீ. நவம்பர் மழைக்குப் பிறகு சந்தே இல்லை. நடுவில் நாலைந்து பலகை மேலே எழும்பி நிற்கிறது, ஸ்க்ரூ தலை முறிந்து கிடக்கிறது. போட்டவர் “மரம் சரியில்லை” என்கிறார். – வாசகர், புதுச்சேரி

பதில்: மரத்தின்மேல் குற்றமில்லை. கோடையில் காய்ந்திருந்த 140 மி.மீ. இப்பே, மழையில் 3 மி.மீ. உப்பும் என்று முதல் பதிலில் கணக்குப் பார்த்தோம். விட்டதும் 3தான். மிச்சம் பூஜ்யம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பலகையும் தன் ஸ்க்ரூவில் தனியாகப் பிடிபட்டிருக்கிறது. ஆகவே சந்து இருக்கும்வரை அசைவு பலகைக்குப் பலகை கூடிக்கொண்டே போகாது; தன் இடத்திலேயே உப்பி அடங்கும். சந்து மூடிய நொடியில் நிலைமை தலைகீழாகிறது. பலகைகள் ஒன்றையொன்று தள்ளத் தொடங்குகின்றன; அந்தத் தள்ளு முழுத் தளத்துக்கும் சேர்ந்து, எங்கே பிடி பலவீனமோ அங்கே மேலே கிளப்புகிறது. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ துருப்பிடிக்காது என்றாலும், கடினப்படுத்திய இரும்பு ஸ்க்ரூவைவிட எளிதில் முறியும். முறிந்ததற்குக் காரணம் அதுதான்.

இப்போது உடனே செய்ய வேண்டியது: ஆறு பலகைக்கு ஒன்றைக் கழற்றி எடுத்துவிடுங்கள். இறுக்கம் தளர்ந்துவிடும், மற்ற ஸ்க்ரூக்கள் தப்பிக்கும். நடக்கிற வழியாக இருந்தால் அந்த இடத்தில் தற்காலிகமாக ஒல்லியான ரீப்பர் போட்டு வையுங்கள். மறுபடி அடிப்பதை இந்த ஈரத்தில் செய்யாதீர்கள். மாசி, பங்குனிவரை காத்திருந்து, எல்லாப் பலகையின் அடியிலும் சாக்பீஸால் எண் எழுதிக் கழற்றி, டேபிள் ரம்பத்தில் ஒவ்வொன்றிலும் 3 மி.மீ. ஓரம் சீவுங்கள். சீவிய ஓரத்துக்கு எண்ணெய் பூசி, அதே வரிசையில் 6 மி.மீ. சந்தோடு அடியுங்கள். பழைய ஸ்க்ரூ ஓட்டையைப் பயன்படுத்த வேண்டாம். அடிச்சட்டத்தில் 15 மி.மீ. தள்ளிப் புது ஓட்டை போடுங்கள். முறிந்த துண்டு உள்ளேயே இருக்கட்டும், அதை நோண்டி எடுப்பதில் சட்டம்தான் பாழாகும்.

கழற்றாமல் சந்தின் மேலேயே வட்ட ரம்பத்தை ஓட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தண்டவாள வழிகாட்டியுள்ள ரம்பம் இருந்தால் முடியும். பிளேடின் ஆழத்தைப் பலகைத் தடிமனுக்குச் சரியாக வைக்க வேண்டும், அடிச்சட்டத்தை வெட்டிவிடக் கூடாது. ஆனால் பிளேடு போகும் அகலம் இரண்டரை மில்லி அளவுதான். உங்களுக்குத் தேவையான 3 மில்லிக்கு அது போதாது.

ஒரு சந்தேகம் பாக்கியிருக்கிறது. பலகையின் நடு குழிந்து இரு ஓரமும் மேலே தூக்கியிருக்கிறதா? இருந்தால் அடிப்பக்கம் ஈரமாகவும் மேல்பக்கம் காய்ந்தும் கிடக்கிறது என்று பொருள். அழகுக்காக டெக்கின் பக்கவாட்டைப் பலகையால் மூடியிருப்பார்கள். அதில் மேலும் கீழும் 20 மி.மீ. திறந்துவிடுங்கள். எண்ணெயும் மேல்பக்கம் மட்டுமே பூசப்பட்டிருக்கும். அடிக்கும்முன் நான்கு பக்கமும், வெட்டுமுனைக்கு இரண்டு தடவையும் பூச வேண்டும். பச்சை ஆளிவிதை எண்ணெயை மட்டும் பூசினால் மழைக்காலத்தில் பூஞ்சை கருத்துப் படரும். வெளி மரத்துக்கென்று நிறமி சேர்த்து வரும் எண்ணெயை வாங்குங்கள். கழிவு எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம், காலெல்லாம் ஒட்டும்.

கேள்வி: டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகைக்கு மரம் மாதிரி உப்பும் பிரச்சினை இல்லை என்று சொன்னார்கள். ஆனால் மத்தியானத்தில் இரண்டு பலகையின் முனைகள் முட்டிக்கொண்டு கூரை மாதிரி நிற்கின்றன; காலையில் சரியாகிவிடுகிறது. – வாசகி, மதுரை

பதில்: மரம் அகலத்தில் ஈரத்துக்கு அசைகிறது, டபிள்யூ.பி.சி. நீளத்தில் சூட்டுக்கு அசைகிறது. அதில் பிளாஸ்டிக் இருக்கிறதே! தயாரிப்பைப் பொறுத்து, ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி சூட்டுக்கு 0.03 முதல் 0.06 மி.மீ. வரை நீளும். 0.04 என்று வைத்துக் கணக்குப் போடுவோம். காலை 26 டிகிரியில் அடித்த 2.9 மீட்டர் பலகை, சித்திரை மத்தியானத்தில் 60 டிகிரிக்குச் சூடானால் சுமார் 4 மி.மீ. நீளும். முனைக்கு முனை ஒட்டி அடித்திருந்தால் போக இடமில்லை.

ஆகவே முனைச் சந்து, அடிக்கும் நேரத்துச் சூட்டைப் பொறுத்தது. காலைக் குளிர்ச்சியில் அடித்தால் 5 மி.மீ.; பலகை ஏற்கெனவே 45 டிகிரியில் சூடாகிக் கிடக்கும்போது அடித்தால் 2 போதும். வெயிலில் கிடந்த கட்டிலிருந்து ஒன்றும், நிழலில் இருந்து ஒன்றுமாக எடுத்து அடிக்காதீர்கள். சுவரோரம் 10 மி.மீ. விடுங்கள். அகலவாக்குச் சந்தை நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை. பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளிப்பின் தடிமனே 4 முதல் 6 மி.மீ. விட்டுவிடும்.

முனைச் சந்தை மட்டும் சரிசெய்தால் போதாது, பிடிப்பையும் பாருங்கள். ஒரு பலகைக்கு ஒரே ஒரு இடத்தில், நடுவில், நகராதபடி ஸ்க்ரூ போட வேண்டும். அப்போது இரு முனைக்கும் பாதிப் பாதியாக நீளும். மற்ற இடமெல்லாம் கிளிப் பிடித்திருக்கட்டும், பலகை அதற்குள் வழுக்கட்டும். இரு முனையிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால் நடுவில்தான் எழும்பும். இரண்டு முனையும் சேரும் இடத்தில் ஒரே அடிச்சட்டம் போதாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சட்டம், முனைக்கு ஒரு கிளிப். சட்டங்களின் நடுத்தூரம் 300 மி.மீ. இருந்தால் நல்லது. 400 வரை போகலாம் என்று எழுதியிருந்தாலும், உள்ளே கூடாக இருக்கும் பலகை கோடைச் சூட்டில் இளகித் தொய்யும்.

உங்கள் டெக்கில் பரிகாரம் எளிது. முட்டும் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பலகையைக் கழற்றி 5 மி.மீ. அறுத்து, நடுப்பிடியோடு திரும்ப மாட்டுங்கள். இதைக் காலையில் செய்யுங்கள்.

கேள்வி: டொரன்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் டெக் போடும் ஒப்பந்தக்காரர், பிரஷர் ட்ரீட்டட் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டியே அடித்துக்கொண்டு போகிறார். கேட்டால் “இதுதான் சரி” என்கிறார். ஏமாற்றுகிறாரா? – வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: இல்லை. அவர் செய்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தப் பலகைகள் மருந்துக் கரைசலை அழுத்தி ஏற்றிய சில நாட்களிலேயே கடைக்கு வருபவை. தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும், ஸ்க்ரூ இறக்கும்போது நீர் கசியும். 30 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள ஐந்தரை அங்குலப் பலகை, 15 சதவீதத்துக்குக் காயும்போது 4 முதல் 5 மி.மீ. சுருங்கும். இன்றைக்கு ஒட்டி அடித்தால் அடுத்த கோடைக்குள் வேண்டிய சந்து தானாக வந்துவிடும். இன்றைக்கே 5 மி.மீ. விட்டால் முடிவில் 10 மி.மீ. ஆகும்.

அவரிடம் ஒன்று கேளுங்கள்: சூளையில் மீண்டும் உலர்த்திய ட்ரீட்டட் மரமா? கட்டில் குத்தியிருக்கும் முத்திரையில் அது இருக்கும். அப்படியானால் ஒட்டி அடிக்கக் கூடாது, 3 மி.மீ. விட வேண்டும். சிடார் பலகையை உலர்ந்ததாக வாங்கினாலும் 3 முதல் 4 மி.மீ. வேண்டும். ஒரே கட்டில் சில பலகை ஈரமும் சில பலகை காய்ந்தும் இருந்தால் தளம் முழுக்க ஒரே சந்து வராது. காய்ந்ததைத் தனியே பிரித்து, படிக்கட்டுக்கும் ஓரத்துக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள்.

முனைக்கு முனை சேரும் இடத்தை ஒட்டியே அடிக்கட்டும், நீளத்தில் மரம் சுருங்காது. ஆனால் வெட்டிய ஒவ்வொரு முனைக்கும் செம்பு கலந்த முனை மருந்து பூச வேண்டும். மருந்து மரத்தின் நடுவரை ஏறியிருக்காது. வெட்டும்போது மருந்தில்லாத மரம் வெளியே தெரியும். இந்த வேலையைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள், அதைக் கவனியுங்கள். 2003 முடிவோடு வீட்டு உபயோக மரத்தில் ஆர்சனிக் கலந்த பழைய மருந்தை விட்டுவிட்டுச் செம்பு அதிகமுள்ள மருந்துகளுக்கு மாறினார்கள். செம்பு சாதாரண இரும்பை அரித்துவிடும். ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததோ எஸ்.எஸ்.ஸோதான் ஸ்க்ரூவாக இருக்க வேண்டும்.

கேள்வி: டெக்குக்கு மேலே வேப்பமரம். சந்தெல்லாம் இலையும் பூவும் அடைத்துக்கொள்கிறது. சந்தைப் பெரிதாக்கலாமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: 6 முதல் 7 மி.மீ. வரை போகலாம். அதற்கு மேல் போனால் பெரியவர்கள் வெறுங்காலில் நடக்கச் சங்கடப்படுவார்கள். சக்கர நாற்காலி வருமானால், அது போகும் திசைக்குக் குறுக்காகப் பலகை ஓட வேண்டும். சந்தின் போக்கிலேயே ஓட்டினால் முன் சக்கரம் இறங்கும்.

பெரிதாக்குவதைவிடப் பலகையின் ஓரத்தை மாற்றுவது நல்ல பலன் தரும். அடிப்பக்க விளிம்பை இரு பக்கமும் 3 மி.மீ. சரிவாக இழைத்துவிட்டால், சந்து மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருக்கும். உள்ளே நுழைந்தது நடுவில் சிக்காமல் விழுந்துவிடும். அப்படியும் அடிச்சட்டத்தின் மேலே மட்டும் குப்பை சேரும், அங்கே விழ வழியில்லை. சட்டத்தின் தலையில் ப்யூட்டைல் டேப் ஒட்டியிருந்தால் மரம் தப்பிக்கும். மாதம் ஒருமுறை மெல்லிய பட்டி பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள். அழுத்த நீர் பீய்ச்சும் கருவியைச் சந்துக்கு நெருக்கமாகப் பிடித்தால் மரத்தின் மென்மையான நார் பெயர்ந்து வரும்.

கேள்வி: ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்புக் கறை வருகிறது. எத்தனை ஸ்க்ரூ வாங்க வேண்டும், எந்த வகை? – வாசகர், தூத்துக்குடி

பதில்: மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அந்தக் கறுப்பு வரும். ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் கையுறை போட்டுத் துடைத்தால் கறை போகும். இரும்பு ஸ்க்ரூவை மாற்றாவிட்டால் திரும்பி வரும். கடலோரம் இல்லாத ஊர்களுக்கு எஸ்.எஸ். 304 போதும், உப்புக் காற்று படும் உங்கள் ஊருக்கு 316 வாங்குங்கள்.

25 மி.மீ. பலகைக்கு 5 மி.மீ. கனத்தில் 60 மி.மீ. நீள ஸ்க்ரூ. ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு, பலகை ஓரத்திலிருந்து 20 மி.மீ. உள்ளே. கடின மரத்தில் முன்கூட்டியே ஓட்டை போடாமல் இறக்கினால் பலகை முனை பிளக்கும், அல்லது ஸ்க்ரூ முறியும். 12 அடிக்கு 20 அடி டெக்கில் 38 பலகை வரிசை, 400 மி.மீட்டருக்கு ஒன்றாக 16 சட்டம் என்றால் 1,216 ஸ்க்ரூ ஆகிறது. வரிசைக்கு ஓர் இணைப்பு வந்தால் இன்னும் 76. முறிவதற்கும் தொலைவதற்கும் சேர்த்து 1,400 வாங்கி வையுங்கள். பாதியில் தீர்ந்து வேறு கம்பெனி ஸ்க்ரூ வாங்கினால் தலை அளவு பொருந்தாது.